கோணல் வாஷர்

சிங்காநல்லூரில் பஸ் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் நோட்டில் ஒரு வாஷரை வைத்து, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டாள். பக்கத்தில் அவளோடு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா.

“ஏங்கண்ணு, தினமும் இந்த வட்டந்தானா?”

“தினமும் ஒண்ணுங்கக்கா. நேத்து ஆந்தை வரைஞ்சேன். முந்தாநேத்து நம்ம சூப்பர்வைசர் மொகம்.”

“அவரு பாத்தா வேலைக்கே வேட்டு வெச்சுருவாரு.”

“பாக்கட்டுங்க.”

“வட்டமே கோணலா இருக்குது. நல்ல வாஷரா எடுத்துட்டு வாரதுதானே?”

“நல்லது கம்பெனிக்குங்க. செக்கிங்ல கோணல்னு நாள்பூரா ஒதுக்கிப் போடறது என்னோட கைதானுங்களே.”

வட்டத்துக்குள் இரண்டு கண் வைத்தாள்.

“சாயங்காலம் அதுல ஒண்ணை இந்த நோட்டுக்குன்னு நானே பாஸ் பண்ணிப்போடுவேன். யாரு வந்து கேக்கறாங்கன்னு பாக்கறேன்.”