பிளக் அக்கா சொல்லாமல் விட்ட சொல்

மரத்தூள் மணக்கும் பட்டறையின் மாண்பே! கதவுக்குக் கரையும் நிலைக்கு நேர்த்தியும் தந்த கைத்திறமே! கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியாமல் வேலைக்கு வருபவரைக் கண்ணாலேயே சுட்டு நகர்த்திய கனலே! எங்கள் அன்புக்கும் அச்சத்திற்கும் ஒருசேர உரிய பிளக் அக்கா அவர்களே! பணி நிறைவு காணும் தங்களை வணங்கி மகிழ்கிறோம்.

அந்தப் பெயரைத் தங்கள் முகத்துக்கு நேரே சொல்வது இதுவே முதல்முறை. முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சொல்லி எங்கள் வாய்க்கு அதுவே பழகிவிட்டது. மரத்தில் பள்ளம் ஓட்டும் ரவுட்டரில், சுழன்று வெட்டும் பிட்டை மாற்ற வேண்டுமா, முதலில் பிளக். ஆழம் கூட்ட வேண்டுமா, முதலில் பிளக். முதலாளியே வாசலில் நின்று கூப்பிட்டாலும், ரவுட்டர் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டுதான் போய் நின்றீர்கள். அவருக்கும் பழகிவிட்டது.

பாதுகாப்பின் பாடமே! கையில் பிடித்து ஓட்டும் ரவுட்டர் சிறிய மெஷின்தான். ஆனால் அதற்கும் ஒரு தனிப் புத்தி உண்டு என்பதைத் தாங்கள் வந்த பிறகே ஒப்புக்கொண்டோம். பிட்டை அடிவரை அழுத்திச் செருகாமல் சற்றே மேலே இழுத்து முடுக்க வைத்தீர்கள். மரத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்காதவரை மெஷினைத் தொட விடவில்லை. ஆழமான பள்ளத்தை ஒரே மூச்சில் இறக்க நினைத்த அவசரக்காரர்களை, மேலோட்டமாகப் பலமுறை ஓட்டவைத்து வழிக்குக் கொண்டுவந்தீர்கள். பலகையின் வெளி விளிம்பில் இடமிருந்து வலம், உள்வெட்டில் கடிகார முள் போகும் திசை. மாற்றி ஓட்டினால் பிட் மரத்தைக் கடித்துக்கொண்டு ஆளையும் சேர்த்து இழுக்கும். கடைசல்காரர் ஒருநாள் அப்படி மாற்றி ஓட்டி, மெஷின் இழுத்த இழுப்பில் மேஜை முனைவரை போய் நின்றார். "என்ன, அது உங்கள வாக்கிங் கூட்டிட்டுப் போகுதா?" என்று கேட்டீர்கள். பட்டறையே சிரித்தது. அவர் மட்டும் அன்று மாலைவரை மெஷின் பக்கமே வரவில்லை.

இவையெல்லாம் கற்கக்கூடியவை, கற்றோம். கற்க முடியாத ஒன்றும் தங்களிடம் இருந்தது.

சுவிட்சை அணைத்த பிறகும் பிட் சற்று நேரம் சுழலும். ட்யூப் லைட் வெளிச்சத்தில் சுழல்வதுகூட நிற்பதுபோலக் கண்ணை ஏமாற்றும். ஆகவே தாங்கள் "நின்னுடுச்சு" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை எவரும் அருகே கை கொண்டுபோகக் கூடாது என்பது பட்டறையின் சட்டமாயிற்று. பிட்டில் ஒட்டிய பிசினைத் துணியால் துடைக்கும் வேலை பாலிஷ்காரருடையது. அந்தச் சொல்லுக்காக அதிகம் காத்திருந்தவரும் அவரே, அதிகம் முணுமுணுத்தவரும் அவரே.

அந்த மழைநாளை மறக்க முடியுமா, அக்கா! தெரு முழுக்க மின்சாரம் போயிருந்தது. ரவுட்டர் மேஜைமேல் சாய்ந்து கிடந்தது. பிளக் தங்கள் கையில் இருந்தது. பாலிஷ்காரர் துணியோடு கை நீட்டினார்.

"தொடாதீங்க. இன்னும் நிக்கல."

"என்னக்கா, கரண்டே இல்ல. கண்ணு முன்னால நிக்குதே!"

தாங்கள் ஒரு துண்டுக்கட்டையை எடுத்து பிட்டின் ஓரமாகக் கொண்டுபோனீர்கள். சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. ஆனால் கட்டையிலிருந்து தூள் பறந்தது. தூக்கிக் காட்டினீர்கள், வழவழவென்று ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பாலிஷ்காரர் தம் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து, "நின்னுடுச்சு, இப்பத் தொடலாம்" என்றீர்கள், அடுப்பை அணைத்தாயிற்று என்று சொல்வதுபோல.

"எப்படிக்கா தெரியுது?" என்று பசை பூசும் தங்கை கேட்டாள்.

"தெரியுது, அவ்வளவுதான். சொல்லிக்குடுக்கத் தெரிஞ்சா குடுத்திருக்க மாட்டேனா?"

மெஷினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் குறை ஒன்றும் இல்லை என்று கையை விரித்தார். முதலாளி புதிது வாங்கித் தந்தார், புதிதும் அப்படியே. கோளாறு மெஷினில் இல்லை என்று தெரிந்ததும் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். இந்த அரங்கில் தங்களுக்காகத் தட்டும் கைகளில் விரல் ஒன்றும் குறையாதிருப்பது தாங்கள் தந்த கொடை என்பதை மட்டும் மறக்கவில்லை.

பெருமைக்குரியவரே! இம்மடலைத் தாங்கும் மரச்சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளத்தை ஓட்டியவர் தாங்களே. வாடிக்கையாளர் வீட்டுக்கு என்று பொய் சொல்லி நேற்றுத் தங்களிடமே வேலை வாங்கினோம், பொறுத்தருள்க. கடைசி மூலை முடிந்தது. சுவிட்சை அணைத்தீர்கள், பிளக்கைப் பிடுங்கினீர்கள். பிறகு மெஷினையே பார்த்தபடி நெடுநேரம் நின்றீர்கள். கண்கள் நிறைந்தன. துணியோடு காத்திருந்த பாலிஷ்காரரின் தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். பிரிவுத் துயரில் தங்களுக்கு நா எழவில்லை என்று எண்ணி நாங்களும் அழுதோம்.

இன்று காலை, நேற்றுத் தாங்கள் பிடுங்கிய பிளக் அப்படியே கிடக்க, பாலிஷ்காரர் ஒரு துண்டுக்கட்டையை பிட்டின் ஓரமாகக் கொண்டுபோனார். தூள் பறந்தது.

வாழ்வின் மாலை வளமாக அமைய, வலியற்ற கைகளும் குன்றாத கண்பார்வையும் குறையாத சிரிப்பும் தங்களுக்கு வாய்க்க, பிள்ளைகளும் பேரர்களும் சூழப் பல்லாண்டு தாங்கள் வாழ வாழ்த்துகிறோம். நாளை முதல் அந்தச் சொல்லை எங்களுக்கு யார் சொல்வார் என்பது தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அக்கா. வீட்டுக்குப் போகும் வழியில் ஒருமுறை பட்டறைக்கு வந்து போங்கள். பாலிஷ்காரர் விழாவுக்கு வரவில்லை. யாரும் தெரியாமல் கை வைத்துவிடாதபடி மேஜையருகே நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். கையொப்பம் கேட்டு இம்மடலை அவரிடம் கொண்டுபோனோம்.

"அக்கா வந்து சொல்லட்டும், போடுறேன். அதுவரைக்கும் இந்தக் கைய எதுக்கும் நீட்டுறதா இல்ல" என்றார்.

இங்ஙனம்,
அன்பும் அச்சமும் மாறாத
பட்டறைத் தோழர்கள், தோழியர்
(ஒருவர் நீங்கலாக)