மூன்று பாசிட்டிவ்

என் கணவர் இன்பராஜ் நன்றாக ரசம் வைப்பார். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, இரண்டாவது ஊரடங்கில்தான் அது எனக்கே தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் காலையில் ஷூ கம்பெனி பஸ் ஏறினால், இரவு வந்து செல்போனோடு படுத்துக்கொள்வார். நான் தூக்க மாத்திரை போட்டுக்கொள்வேன். ஊரடங்கில் இருவரும் சேர்ந்து வெங்காயம் உரித்தோம், கேரம் ஆடினோம். மாத்திரையை நிறுத்திவிட்டேன். ஆம்பூரே பயந்து கிடந்தபோது நான் இரண்டு கிலோ ஏறினேன், சார்.

பிறகு கம்பெனி கூப்பிட்டது. கொரோனா இல்லை என்ற ரிப்போர்ட்டோடு திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். உங்கள் லேபில் டெக்னீஷியன் நான்தானே, சார்; நானேதான் சாம்பிள் எடுத்தேன். நெகட்டிவ். வீட்டுக்குப் பாசிட்டிவ் என்று அடித்து எடுத்துப்போனேன். ஒரே ஒரு வார்த்தைதான் மாற்றினேன்.

அவரைப் பின்னறையில் விட்டு, ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டேன். "கிட்ட வராத மெர்சி, உனக்கும் ஒட்டிக்கும்" என்பார். அத்தனை அன்பாக யாரும் என்னை விரட்டியதில்லை.

பதினான்கு நாள் கழித்து, வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டு எடுத்து, லேபுக்குக் கொண்டுபோகாமலே மறுபடி பாசிட்டிவ்.

"ஜுரமே இல்லியேடி, இன்னா கருமம் இது?"

"அறிகுறி இல்லாததுதாங்க ஜாஸ்தி டேஞ்சர்."

அவருடைய சூப்பர்வைசர் வேலை அருணகிரி என்பவருக்குப் போனது. பேச்சு குறைந்தது. சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது பாசிட்டிவ் கொடுத்த வாரம், நெமிலியில் என் மாமியார் சவுரியம்மாள் மாரடைப்பில் இறந்துபோனார். செய்தி காலையில் வந்தது. அடக்கம் மாலை நாலு மணிக்கு. பைக்கில் போனால் இரண்டரை மணி நேரம். நான் ஜன்னல் வழியாக வீடியோவில் காட்டினேன். குழியில் மண் விழுந்ததும் கம்பிக்கு வெளியே கை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் கையை விட்டுவிடுவாரே.

துக்கம் விசாரிக்கப் போன் செய்த நம் லேப் கிரேஸிதான் போட்டு உடைத்தாள். "ஒரே தடவதானண்ணே உங்களுக்கு டெஸ்ட் எடுத்தோம்? நெகட்டிவ்னு நான்தானே ரெஜிஸ்டர்ல எழுதினேன்."

அவர் பின்னறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, "எங்கம்மா மொகத்தக்கூட பாக்க வுடலியே நீ" என்றார். நெமிலிக்குப் போய் இரண்டு மாதமாகிறது. போனை எடுப்பதில்லை.

மூன்று ரிப்போர்ட்டும் நான் அடித்தவைதான், சார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். மூன்றாவது அலை வரும் என்கிறார்களே, நிஜமா? வந்துவிட்டால் எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிடும்.