இருபத்தெட்டு நாள்

கோவிந்தப்பன்: ...பேரு மட்டும் போதுங்க சார். ரிட்டயர்டு பிரிகேடியர்னெல்லாம் எழுத வேணாம், கேட்டு நோட்டுல கட்டம் சின்னது.

சென்னகிருஷ்ணன்: பழக்கம்... கை தானா எழுதிருச்சு.

கோவிந்தப்பன்: யாரப் பாக்கணும்?

சென்னகிருஷ்ணன்: முதலாளிய. செக்யூரிட்டி மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ. பத்து மணிக்கு.

கோவிந்தப்பன்: ஒம்பதுதான ஆவுது. காவேரிப்பட்டினத்துல இருந்து பஸ்ஸா?

சென்னகிருஷ்ணன்: ஆமா, சூளகிரி வரைக்கும் நின்னுக்கிட்டே... இருங்க. என் ஊரு எப்படித் தெரியும், கோவிந்தப்பா?

கோவிந்தப்பன்: சாப்.

சென்னகிருஷ்ணன்: வந்ததுமே கண்டுபிடிச்சிட்டியா?

கோவிந்தப்பன்: நடையப் பாத்தே. நீங்க கமாண்டிங் ஆபீசரா பரேடுல நடக்கறத மூணு வருஷம் பாத்தவன்தான? நீங்க?

சென்னகிருஷ்ணன்: நானும்தான். பதினாறு வருஷம் இருக்கும் இல்ல... உன்ன இருபத்தெட்டு நாள் லாக்கப்புல போட்டு.

கோவிந்தப்பன்: தொண்ணூத்தொண்ணுல. எம்பொண்ணுக்கு என்ன வயசோ அதான் கணக்கு. லீவு முடிஞ்சும் பதினோரு நாள் வராததுக்குக் காரணமே அவதான. ராயக்கோட்டையில எங்கூட்டுக்காரி பிரசவத்துல கெடந்தா. தந்தி குடுத்தேன். வரலன்னீங்க.

சென்னகிருஷ்ணன்: வந்துச்சு. தண்டனை குடுத்த மறுநாள் வந்துச்சு. ஆர்டர மாத்துனா பட்டாளமே சிரிக்கும்னு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன். அப்புறம் எத்தன மெடல், பிரிகேடியர் பதவி... அந்தத் தந்தி மட்டும் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தப்பு என்னுதுப்பா.

கோவிந்தப்பன்: தெரியும் சாப். கிளார்க்கு அப்பவே சொல்லிட்டான்.

சென்னகிருஷ்ணன்: தெரிஞ்சுமா சும்மா இருந்த?

கோவிந்தப்பன்: எங்க சும்மா இருந்தேன்? உங்களுக்கு சல்யூட் அடிக்கும்போதெல்லாம் மனசுக்குள்ள திட்டுவேன்.

சென்னகிருஷ்ணன்: வாய் விட்டே திட்டியிருக்கலாம்.

கோவிந்தப்பன்: எதுக்கு, இன்னொரு இருபத்தெட்டு நாளைக்கா?

சென்னகிருஷ்ணன்: ...உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு இன்டர்வியூ போன செவ்வாக்கெழமயே இருந்துச்சு. வந்தேன். கேட்டுல உன்னப் பாத்துட்டு... எதுத்தாப்புல டீக்கடையில நின்னுட்டுத் திரும்பிட்டேன். வேல போச்சுன்னுதான் நெனச்சேன். மறுபடி போன் பண்ணிக் கூப்புட்டாங்க. நல்ல மனுசங்க.

கோவிந்தப்பன்: ஒரு டீக்கு முக்கா மணி நேரம் நின்னீங்க.

சென்னகிருஷ்ணன்: பாத்தியா?

கோவிந்தப்பன்: கேட்டு லிஸ்ட்டுல உங்க பேரு இருந்துச்சே. நீங்க திரும்பிப் போனதும் முதலாளி வேற ஆளப் போடறேன்னாரு. பஸ்ஸு கெடச்சிருக்காது, இன்னொரு நாள் குடுங்கன்னு நாந்தான் கேட்டேன்.

சென்னகிருஷ்ணன்: நீயா? ஏன்ப்பா... நான் உனக்குப் பண்ணதுக்கு?

கோவிந்தப்பன்: இங்க நாங்க நாப்பது பேரு வாட்ச்மேன். லீவுல போய் ஒரு நாள் பிந்துனா வேல போயிடுது, ஏன்னு கேக்க ஆளில்ல. எம்மூஞ்சியப் பாக்க முடியாம திரும்பிப் போன மனுசன் உள்ள வந்தா, கேப்பாருன்னு தோணுச்சு. போங்க சாப், எடது பக்கம் ரெண்டாவது கதவு.