கொழும்பில் ரூம் போட்ட அம்புரோஸ்

"பாய், பாய்! இந்தக் கேட்டாண்டயா கொண்டாந்து நிறுத்துவ? ஐயோ, கூட்சு வண்டி பாரு, வாலே கண்ல தெரில. எல்லாம் மணலி எண்ணெ வண்டி. இது போறதுக்குள்ள போட் மெயிலு எக்மோருக்கு வந்து, ஜனமெல்லாம் வூட்டுக்குப் போயி, குளிச்சு, துன்னுட்டுத் தூங்கிப்பூடும். அவ பிளாட்பாரத்துல நிக்கப்போறா பாய்! ஃப்ளோரன்சு! கொழும்புலேந்து வர்றா!"

டாக்சிக்காரர் சௌக்கத் அலி எஞ்சினை அணைத்தார். பின்சீட்டில் இருந்த அம்புரோஸ் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் அரைப் புட்டி எண்ணெய். திருவொற்றியூரில் ஏறியதிலிருந்து அவர் வாய் மூடவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் சிக்கியதும் இன்னும் மோசமாயிற்று.

"ஃப்ளோரன்சு யாருன்னா கேக்கற? கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். போன வருஷம் வியாசர்பாடி கிளப்புலேந்து நம்ம சுப்புராஜைக் கொழும்புக்கு பாக்சிங் ஆட அனுப்சாங்க. தொணைக்கு நானு. ரவுண்டுக்கு ரவுண்டு தண்ணி குடுக்கறது, துண்டால விசிர்றது, அதான் நம்ம வேல. கூடவே இன்னொண்ண தலைல கட்டிட்டானுங்க. 'அம்புரோசு, அங்க ரூம் போட்றது ஒன் பொறுப்பு'ன்னு. நான் எங்க பாய் ரூம் போட்டேன்? காசிமேட்டத் தாண்டி ஒரு ராத்திரி தங்குனது கெடயாது!

மொதல்ல சிக்கனமா போவோம்னு ஆர்பராண்ட ஒரு லாட்ஜி. கப்பல்காரங்க தங்கறது. கட்டில்ல படுத்தா கட்டிலு நம்மளத் துன்னுது பாய்! மூட்டப்பூச்சி... ஐயய்யோ... ஒரே கலீஜு. வுடிய வுடிய சுப்புராஜி செவுத்தக் குத்திகினு கெடந்தான். காத்தால பாத்தா, சண்ட போடாமலே மூஞ்சி வீங்கிக் கீது!

சரி, காசு போனா போவுதுன்னு கடலப் பாத்தாப்ல படா ஓட்டலு. கதவத் தொறக்க ஒருத்தன், மூட ஒருத்தன். நம்ம தகரப் பொட்டியத் தூக்க வந்தவன் கைல வெள்ள கிளவுசு போட்டுகினு கீறான். சுப்புராஜி அவனத்தான் எதிராளின்னு நெனச்சு மொறச்சுகினு நிக்கறான்! ராத்திரி மெத்தைல படுத்தவன் உள்ள முங்கிட்டான் பாய், கையப் புடிச்சு இழுத்தேன். காத்தாலிக்கு ஒரு முட்டைய சின்னக் கிண்ணத்துல நிக்க வெச்சுக் குடுக்கறானுங்க. ஒரே முட்ட! பாக்சருக்கு!

அப்பால மாதா கோயிலு ஹாலு. சாமியாரு தங்கமான மனுசன், சொம்மாவே குடுத்தாரு. ஆனா திருவிழாக்கு பேண்டு பழகறது அங்கதான். காதாண்டயே ஊதறானுங்க! எங்க பேஜாரப் பாத்து அந்த சாமியாருதான் சொன்னாரு, கொட்டாஞ்சேனைல ஃப்ளோரன்சுன்னு ஒரு டீச்சரம்மா, அம்மாகூட கீறாங்க, பின்னால ரூமு வாடகைக்கு வுடறாங்கன்னு.

போனேன் பாய்... இன்னும் கூட்சு பொட்டி வந்துகினே கீதே! எஞ்சின ரெடியா வெய்யி... சுத்தம்னா அப்டி ஒரு சுத்தம். போர்வைய மோந்து பாத்தேன், வெயில் வாசன. கெணத்தாண்ட தனியா குளிக்கற எடம், உள்ளாற தாழ்ப்பா. நீ எந்த சீமைக்குப் போனாலும் போர்வைய மோந்து பாரு, தாழ்ப்பாளப் போட்டுப் பாரு. ரூமு சல்லிசா, வெலயா, அதெல்லாம் அப்பாலதான்.

அப்பறம் சாப்பாடு! ஆப்பம், சம்பலு, தேங்காப்பாலு ஊத்தி மீன் கொழம்பு. சுப்புராஜி துன்றான், துன்றான், துன்னுகினே கீறான். எட நிறுக்கற அன்னிக்கு முள்ளு அந்தாண்ட போய் நிக்கிது! கம்பளி போத்தி கடலோரமா ஓட வுட்டேன். ம்ஹூம். 'குண்டனுங்க வெயிட்டுல வேணா ஆடட்டும்'னுட்டாங்க. எதிர்ல வந்தவன் ஆளா பாய் அது? எண்ணூர் பவர் ஹவுசு! ரெண்டாவது ரவுண்டுலயே நம்மாளு மல்லாந்துட்டான். ஓடிப் போயி தண்ணி தெளிச்சா, கண்ணத் தொறந்து இன்னா கேக்கறான்? 'ண்ணா, ராத்திரிக்கு இன்னா மீனு?'"

சௌக்கத் அலி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கினார்.

"சிரிக்காத பாய்! கிளப்புல எம்மேல காறித் துப்பாத கொறதான். இப்ப ஃப்ளோரன்சும் அம்மாவும் வேளாங்கண்ணிக்கு வந்து, முடிச்சிக்கினு மெட்ராசு பாக்க வர்றாங்க. 'தங்க ஒரு எடம் பாத்து வையுங்க'ன்னு லெட்டர்ல எங்கிட்ட சொல்லிட்டா. எங்கிட்ட! அலஞ்சேன் பாய். எக்மோர் லாட்ஜில கட்டில்ல நானே படுத்துப் பாத்தேன், வெரட்டிட்டான். மவுண்ட் ரோட்டு ஓட்டல்ல போர்வைய மோந்தேன், போலீசக் கூப்புடறேன்றான். கான்வென்ட்டு ஷோக்காத்தான் கீது. சுத்தம் கீது, தாழ்ப்பா கீது. ஆனா ஆறு மணிக்கு பூட்டிடுவாங்களாம், ஆம்பளைங்க உள்ள வரக்கூடாதாம். அப்ப நான் எங்க நின்னு பேசறது? வேணான்னுட்டேன்.

அப்ப எங்கதான்யா ரூம் போட்டன்னு பாக்கற, அதான? போடல பாய். எங்கியும் போடல. எங்க வூட்டுக்கு வெள்ள அடிச்சுட்டேன். புதுத் தலகாணி. தாழ்ப்பா நேத்துதான் வெச்சேன். எங்கக்கா எல்சி தொணைக்கு வந்துகீது. நானு யூனியன் ஆபீசுல படுத்துக்குவேன். ஆனா... இத்த அவகிட்ட எப்டி பாய் சொல்றது? தப்பா நெனச்சுக்கினா? அப்டியே அடுத்த வண்டில திரும்பிட்டா? சொல்லு பாய்... தோ, தூக்கிட்டான் கேட்ட! ஜல்தி, ஜல்தி!"

எழும்பூரில் போட் மெயில் வந்து நின்றிருந்தது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் குடையையும் பிடித்துக்கொண்டு நீலப் புடவையில் நின்ற பெண், இவர்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

"சுகமா, அம்புரோஸ்? எங்களுக்கு எங்க இடம் பாத்திருக்கிறீங்கள்?"

அம்புரோஸ் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

சௌக்கத் அலி அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"இவருக்கு ஒரு ரூமும் புடிக்கலம்மா. தன் வூட்டுக்கே வெள்ள அடிச்சு வெச்சுட்டு, அவரு யூனியன் ஆபீசுல படுக்கப்போறாராம். தொணைக்கு அவங்க அக்கா கீறாங்க. சொல்ல பயம். உங்களுக்கு சரிப்படலன்னா சொல்லுங்க, கான்வென்ட்டுல எடம் கீது, நானே கொண்டுபோய் வுடறேன்."

ஃப்ளோரன்ஸ் அம்புரோஸைப் பார்த்தாள். அவர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டப் பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது?" என்றாள். "வந்து பாத்திட்டுச் சொல்லுறன். எத்தின நாளைக்கெண்டும் சேத்துச் சொல்லுறன்."

அவளுடைய அம்மா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். இருவரும் போய் வண்டியில் ஏறினார்கள். சௌக்கத் அலி பெட்டியை டிக்கியில் வைத்து மூடி, எஞ்சினைக் கிளப்பினார். அம்புரோஸ் ஸ்டேஷன் வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவரை வண்டியில் ஏற்றுவதற்கு இரண்டு தடவை ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.