பச்சைச் சவுக்கில் பதினோரு படி

பிளேடு தீட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன் முதுகை மறந்துவிடுகிறார்கள். நான் மறப்பதில்லை. மண்ணெண்ணெய் தொட்டுக் கறையைத் துடைத்து, முதுகைக் கல்லில் படுக்க வைத்து நாலு இழுப்பு. பிறகுதான் முனை. கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிளேடு கொடுத்து வைத்தது.

நான் சொல்வது ட்ரில் மிஷினில் மாட்டுகிற கட்டர். பென்சில் ஷார்ப்னருக்கு உடம்பு போட்டது மாதிரி இருக்கும். கட்டையின் நுனியை உள்ளே விட்டால் உருண்டையான முளையாகச் சீவித் தரும். அதைத் துளையில் அடித்து இறக்கினால் நாற்காலியோ ஏணியோ ஆணியில்லாமல் நிற்கும். சிதம்பரத்திலிருந்து கிள்ளை போகிற ரோட்டில் என் பட்டறை. பெயர் சிங்காரம்.

தங்கை கனிமொழியைத் திருவதிகையில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை அறிவழகனுக்கு அங்கே பலாத் தோப்பு. நல்ல மனிதர். நான் ஜோக் அடித்தால் ஜோக்கைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர் அடித்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். மற்றபடி எங்களுக்குள் ஒன்றுமில்லை.

இந்தத் தையில் அவர்கள் மகள் வினோதினிக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பிள்ளைகுட்டி இல்லாதவனுக்கு ஒரு சபையில் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். புது வேட்டியின் மடிப்பை நீவிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா, ஷார்ப்னர் மாமாடி. ஆடுனீன்னா காதோட சேத்துத் தலையயும் உருட்டிச் சீவிடுவாரு" என்றார் மாப்பிள்ளை.

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். குழந்தை சிரிக்கவில்லை. "மாமா வேணாம், மாமா சீவிடுவாரு" என்று அலறித் தூணைக் கட்டிக்கொண்டது. கடைசியில் சித்தப்பா மடியில் வைத்துக் குத்தினார்கள்.

"விடுங்க மச்சான், யாரு மடியா இருந்தா என்னா? காது அதே காதுதான்."

அதுவும் சரிதான் என்றேன்.

மாசியில் மாப்பிள்ளை பலா பறிக்க ஓர் ஏணி கேட்டார். என்னிடம் இரண்டு கட்டு சவுக்கு இருந்தது. பரணில் ஒரு வருஷம் காய்ந்த கட்டு. கீழே, அந்த வாரம் வெட்டி வந்த பச்சைக் கட்டு. படிக்குக் காய்ந்ததைத்தான் எடுக்க வேண்டும். பச்சையில் சீவிய முளை அன்றைக்குக் கல்லாகப் பிடிக்கும். இரண்டு மாதம் வெயில் பட்டால் ஈரம் வற்றி முளை சுருங்கிவிடும். ஏணிக்காலின் காய்ந்த மரத்தில் போட்ட துளை சுருங்காது. தெரியாமல் செய்தால் அது தவறு. எனக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

அன்று காலை பிளேடைத் தீட்டி, பச்சையிலேயே பதினோரு படியும் சீவினேன். சீவல் ரிப்பன் மாதிரி வந்தது.

மாப்பிள்ளை ஒவ்வொரு படியிலும் ஏறிக் குதித்துப் பார்த்தார். "கல்லாட்டம் இருக்கு மச்சான். எதுக்கும் படிக்கொரு ஆணி அடிச்சுடலாமா?"

"ஆணி அடிச்சா தொழிலுக்கே அசிங்கம் மாப்ள."

"பார்ரா, ஷார்ப்னருக்குக் கோவம் வந்துடுச்சு."

நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சித்திரை முழுக்கத் தங்கைக்குப் போன் போட்டேன். "காய் முத்திடுச்சாம்மா?" அண்ணனுக்குப் பலான்னா உசுரு என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். வைகாசியில் ஒன்பதாவது படி கழன்றது. இடுப்பெலும்பு. சிதறிய படிகளைப் பொறுக்கிக் கனிமொழி வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள்.

கடலூர் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் நான்தான் கூட இருந்தேன். கஞ்சி ஊட்டினேன். "கூடப் பொறந்தவன்கூட இப்டிப் பாக்க மாட்டான் மச்சான்" என்று அவர் அழுதபோது எனக்கும் கண் கலங்கியது. என் மனசு அப்படி. காதுகுத்துப் பேச்சையெல்லாம் அன்றே மன்னித்துவிட்டேன்.

வினோதினி இப்போது என்னோடு பட்டறையில் இருக்கிறாள். அவளைத் தூக்க அவள் அப்பாவால் முடியாது. கட்டரைக் கண்டு பயமில்லை. சீவலை விரலில் மோதிரமாகச் சுற்றிக்கொள்கிறாள். ஆடி பிறந்ததும் ஸ்டாண்டைப் பிடித்து நடந்து பழகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "கடையில வாங்குனது வேணாம்ண்ணா. உன் கையால ஒண்ணு செஞ்சு குடு" என்றாள் கனிமொழி.

இன்று காலை பிளேடைத் தீட்டினேன், முதுகை முதலில். வினோதினி மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"மாமா, அப்பா நடந்துட்டா என்னத் தூக்குவாரா?"

"தூக்குவாரு தங்கம்."

காய்ந்த கட்டு பரணிலேயே இருந்தது. அதை எடுக்கக் குழந்தையை மடியிலிருந்து இறக்க வேண்டும். இந்த வாரம் வெட்டி வந்த பச்சைக் கட்டு கையெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.