மேனேஜரின் ரத்தம்

ஓர் உயிரின் விலை ஒரு சொட்டு உப்புநீர். ஜவுளிக்கடையில் பிறந்து வளர்ந்தவன் நான். இதைவிட மலிவான சரக்கை எங்கள் தெருவில் யாரும் விற்றுப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வாயால் சொன்ன விலையைத் தாங்களாக இறக்க மாட்டார்கள். இறக்கினால் முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். நான் கால்நடை மருத்துவம் படித்து வெளியே வந்துவிட்டேன். நாக்கு மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது.

நாயின் பெயர் மேனேஜர். தையல் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர் போகிறவரை எல்லாம் மேலும் கீழும் பார்க்குமாம். அதனால் அந்தப் பெயர். தையல்காரி அதைப் பழைய போர்வையில் சுற்றித் தூக்கிவந்தாள். கூடவே அவளுடைய அக்கா. நாயின் ஈறு வெளுத்து, அதன்மேல் ஒரு மஞ்சள் ஓடியிருந்தது. சிறுநீர் பால் விடாத தேநீர் நிறம். உள்ளே ரத்த அணுக்கள் உடைகின்றன என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. எதனால் என்பதுதான் கேள்வி.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் விட்டுப் பார்த்தேன். அணுக்கள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. கதவு திறந்திருந்தது, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

"இவனோட எதிர்ப்பு சக்தியே இவனோட ரத்தத்தை எதிரின்னு நினைச்சு அழிக்குதும்மா. இம்யூன் அனீமியா."

"பேரே இவ்வளவு பெருசா இருக்கே டாக்டர், பில்லு எப்படி இருக்கும்?" என்றாள் அக்கா. பெஞ்சில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் வெளியே போன பிறகுதான் தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டேன். சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது. எதிர்ப்பு சக்தி ஒட்டவைத்த அணுக்கள் உப்புநீருக்கு அசையாது. சும்மா ஒட்டிக்கொண்டவை பிரிந்துவிடும். இவை பிரிந்துவிட்டன. அதனாலேயே நான் சொன்ன நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் உண்ணிக் காய்ச்சல், விஷம், வயிற்றுக்குள் உலோகம் எல்லாவற்றையும் தேடிப் பார்த்து, எதுவும் இல்லையென்றால்தான் அந்தப் பெயரைச் சொல்லலாம்.

தகடு கையில் இருக்கும்போதே தையல்காரி திரும்பி வந்தாள்.

"சார், இவன் கீழ கிடக்கிறதை எல்லாம் வாயில போட்டுக்குவான். பட்டன், கொக்கி, ஒண்ணையும் விடமாட்டான். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா?"

"எதுக்கும்மா வீண் செலவு? அதான் என்னன்னு தெரிஞ்சுபோச்சே."

"பாத்தியாடி, நம்ம காசு மிச்சமாகணும்னு நினைக்கிற மனுஷன்," என்றாள் அக்கா. அது எனக்கு இனித்தது.

நாயை என்னிடமே விட்டுப் போனார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தேன். ரத்தம் இன்னும் குறைந்தது. மருந்தைக் கூட்டினேன். மூன்றாம் நாள் மத்தியானம், பெஞ்சு காலியாக இருந்தபோது, எக்ஸ்ரே எடுத்தேன். இரைப்பையில் பளிச்சென்று ஒரு துண்டு, நுனியில் சின்ன ஓட்டை. ஜிப்பை இழுக்கிற ரன்னர். அதிலிருக்கும் துத்தநாகம் கரைந்து அணுக்களை உடைத்துக்கொண்டிருந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டு அதை வெளியே எடுக்கலாம். எடுத்த பிறகு தேறிய நாய்களை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்குக் கொடுக்கும் மயக்க மருந்தை இந்த நாய் தாங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையாகக்கூட இருக்கலாம். சரிபார்க்கவில்லை. படத்தை அழித்தேன்.

அதற்குப் பிறகும் மேனேஜர் இரண்டு நாள் உயிரோடு இருந்தது. தையல்காரி காலையும் மாலையும் வந்து கூண்டருகே குந்தி, கடைக்கு யார் யார் வந்தார்கள், யார் அளவு சரியில்லை என்று சண்டை போட்டார்கள் என்று அதனிடம் ஒப்பித்துவிட்டுப் போனாள். நான் பக்கத்து அறையில் கை கழுவிக்கொண்டிருப்பேன்.

செத்த அன்று என்னிடம் கேட்டாள்: "சொந்த உடம்பே எதிரியாகுமா சார்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "இன்னும் ரெண்டு நாள் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாம்மா."

பள்ளிச் சீருடைகள் தைத்து முடியட்டும் என்று காத்திருந்தாளாம். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கொன்றுவிட்டாய் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். யாரும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, தையல் கடை இருக்கும் தெரு வழியாக இப்போது நான் போவதில்லை. அவளும் அந்த எதிர்ப்பு சக்தியைப் பற்றித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் சொன்ன வார்த்தை மாறாமல்.

பில்லை நான்கு தவணையாகக் கட்டுகிறாள். ஒவ்வொரு தடவையும், நாயை நேரத்தில் கொண்டுவராததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். பரவாயில்லம்மா என்கிறேன். கடைசித் தவணை வேண்டாம் என்று சொல்லிவிடத் தோன்றியது. ஏன் என்று கேட்பாள். அதனால் வாங்கிக்கொள்வதே அவளுக்கு நல்லது. மூன்று வந்துவிட்டது. கணக்கில் பாக்கி அவள் பக்கம் ஒன்று. என் பக்கம் எதுவும் எழுதவில்லை.