அந்தக் கடலோரம் வேணாண்ணா

அது இல்லண்ணா, நான் சொல்றத முழுசா கேளு. கூடப் பொறந்த அண்ணன் நீ, புதூர்நாட்லேர்ந்து ஜீப்பு புடிச்சி பழத் தட்டோட வந்து என் புள்ளைக்குப் பொண்ணு குடுக்கறேன்ற. நம்ம அன்பரசிய யாரு வேணாம்னாங்க? மொறப்பொண்ணு வேற. மோகன் வேல செய்யற ஊருதான் சரியில்ல. அதான் யோசிக்கறேன்.

ஸ்பெயினுண்ணா. மத்தியத் தரைக்கடல் ஓரமாம். எப்பப் பாத்தாலும் வெயிலு, மழ பேருக்குத்தான். இன்னாது, புளி நல்லா காயுமா? காயும் காயும்! அங்க போயும் புளிதான் காய வெக்கப் போறாளா உன் பொண்ணு?

அந்த வெயில்ல வெள்ளக்காரங்க எண்ணெயத் தடவிக்கினு நாள் பூரா மணல்ல மல்லாந்து கெடப்பாங்களாம். மேல ஒரு கைக்குட்ட அளவுக்குத்தான் துணி. நம்ம பொண்ணு அதயெல்லாம் பாக்கணுமா? சிரிக்காதண்ணா. அண்ணிக்குத் தெரிஞ்சா தொலஞ்ச நீ.

மத்தியானம் சோறு துன்னுட்டு ஊரே கடைய சாத்திட்டுத் தூங்குமாம். அவசரத்துக்கு ஒரு தீப்பெட்டி கெடைக்காது. அட, நல்ல ஊருன்றியே! களி கெடயாது, சாமச் சோறு கெடயாது. எதத் துன்னாலும் ஆலிவ் எண்ணெ. மூட்டு வலிக்கு நல்லதா? யாரு சொன்னது உனுக்கு? செல்லுல பாத்தியா?

அய்யோ சாமி, நான் ஒரு கொற சொன்னா நீ ஒரு வசதி கண்டுபுடிக்கற. இப்ப இன்னா, நீயும் அண்ணியும் கூடவே போயி மணல்ல படுக்கணுமா? நல்லா இருக்குதே கத!

சரிண்ணா, இனிமே மறச்சி இன்னா ஆவப்போவுது. மோகன் நேத்தே வந்துட்டான். தனியா வரல. அந்தக் கடலோரத்துலயே பொறந்து வளந்த பொண்ணு ஒண்ணு, பேரு என் வாயில நொழயல, பின்னாடி பலா மரத்தாண்ட நிக்குது. அதுக்கு அந்த ஊரு வெயிலு ஆவலயாம். நம்ம மலைக் குளிருதான் புடிச்சிருக்காம், இங்கயே இருந்துடறேன்னுது. எனக்கு மட்டும் அன்பரசிய வுட மனசு வருதா? புள்ள கேக்க மாட்டேன்றான்.

எங்கண்ணா எழுந்துட்ட? கோவப்படாத. தாய்மாமன் கையால தாலி எடுத்துக் குடுத்தாதான் கட்டுவேன்னு நிக்கறான். உன்ன வுட்டா எங்களுக்கு யாரு? இரு இரு, அந்தப் பழத் தட்ட ஏன் திரும்பத் தூக்கற? வெச்சிட்டுப் போ. மாமன் சீருன்னு சொல்லிக்கறோம்.